நாய்க்கு முடிவெட்ட வரும் தம்பி தங்கைகளுக்கு



இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கல்லூரி முடித்து ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டாளாம். "அக்கா, எனக்கு நாய்ன்னா உசுரு. இந்த வேலையக் கத்துக் குடுப்பீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கடைப்பக்கம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் முகம் எனக்குப் புதிதில்லை. 2011இல் என் அம்மாவும் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் வாசலில் நின்றபடி பத்து நிமிடம் பேசினேன்; போதவில்லை. அவளைப் போல மாதத்துக்கு மூன்று பேராவது வருகிறார்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் புதிதாகக் கடை போட்டவர்கள் போன் செய்து கேட்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவள். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பாரு வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து ஊருக்கே முடி வெட்டியவர். அப்பா டவுனுக்கு வந்து சலூன் வைத்தார். கத்தரி தன்னோடு போகட்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். பி.காம். முடித்த பெண், பெங்களூருக்குப் போய் நாய்க்கு முடிவெட்டக் கற்றுக்கொண்டு வந்து நின்றால் வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "மனுசனுக்கு வெட்டுனதுக்கே நம்மள எங்க நிக்க வெச்சாங்கன்னு உனக்குத் தெரியாதா கண்ணு? இப்ப நாய்க்கா?" என்று கேட்டார். அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னது அப்பத்தா. அந்தக் காலத்தில் நம் ஊர்களில் முடி வெட்டியவர்களே புண்ணுக்கு மருந்து வைத்தார்கள், கட்டியைக் கீறிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்பதே எங்கள் சமூகத்தின் பெயர். அப்பத்தா சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவர். அவர் அம்மாவிடம் சொன்னார்: "உன்ற மாமனாரு தலையத் தொட்டதுமே சொல்லிப்போடுவாரு, இந்தப் பையனுக்குக் காய்ச்சல் வரப்போகுது, அந்தாளுக்குக் கட்டி பழுக்குதுன்னு. வாயில்லாச் சீவனையும் யாராவது தொட்டுப் பாக்கோணுமல்லோ?"

இத்தனை வருடத்தில் இந்த வேலையைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான வார்த்தை அதுதான். யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் தினமும் தலையைத் தடவிக் கொடுப்பார். டாக்டர், என்ன தொந்தரவு என்று சொன்னோமோ அந்த இடத்தைப் பார்ப்பார். மூக்கிலிருந்து வால்நுனி வரை, காதுமடலுக்குள், விரலிடுக்கில், அக்குளில், வாலுக்கடியில், ஓர் அங்குலம் விடாமல் மாதாமாதம் ஒரு நாயைத் தொடுகிறவர்கள் நாம்தான். முடி வெட்டுவது கடைசியில் வருகிற வேலை. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் தொட்டுப் பார்க்கிற வேலை.

அதனால் என்னிடம் வந்தால் முதல் ஆறு மாதம் உங்கள் கைக்குக் கத்தரி வராது. சீவுவீர்கள், குளிப்பாட்டுவீர்கள், காயவைப்பீர்கள். குளிப்பாட்டும் முன் சீவ வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது; சிக்கு இருக்கும்போது தண்ணீர் பட்டால் அது இறுகிவிடும், பிறகு சீப்பு இறங்காது. தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பாருங்கள். காலில் தொடங்கி மேலே வாருங்கள். எடுத்த எடுப்பில் முகத்தில் தண்ணீர் அடித்தால் அந்த நாய் ஆயுளுக்கும் தொட்டியைக் கண்டு நடுங்கும். நாம் போடுகிற ஷாம்பு அதற்கு வேண்டாம். நாயின் தோலுக்கு நம் தோலின் அளவுக்கு அமிலத்தன்மை கிடையாது. அலசியது போதும் என்று தோன்றும்போது இன்னொரு முறை அலசுங்கள். உள்முடியில் ஷாம்பு தங்கினாலும் அரிக்கும், ஈரம் தங்கினாலும் புண்ணாகும். ஒரு கோல்டன் ரிட்ரீவரை வேர்வரை காயவைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் காற்று முடியைப் பிளந்து தோலைக் காட்டிக்கொண்டே போகும். பார்க்கக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

உடம்பு படும் பாட்டையும் மறைக்கக் கூடாது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் நின்றே இருப்பீர்கள். முப்பது கிலோ லாப்ரடாரைத் தொட்டியில் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும்; ஆளில்லாத நாளில் தனியாகத் தூக்கி நான் வாங்கிய இடுப்பு வலி இன்னும் போகவில்லை. டிரையர் சத்தத்துக்குக் காதில் அடைப்பான், பறக்கும் முடிக்கு மாஸ்க், இரண்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். பக், லாப்ரடார் போன்றவற்றின் குட்டை முடி ஊசி மாதிரி தோலுக்குள் ஏறும். விரலிடுக்கில் முடி தைத்துச் சீழ் வைப்பது சலூன்காரர்களுக்குப் பரம்பரைத் தொல்லை; அப்பாவின் விரல்களுக்கு நடுவே அந்தத் தழும்பு இருந்தது, இப்போது எனக்கும் இருக்கிறது. மாலையில் கையைத் தேய்த்துக் கழுவி, விளக்கடியில் விரல்களை விரித்து ஒரு தடவை பாருங்கள். மணிக்கட்டு மரத்துப்போனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நகம் வெட்டுவதில்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பயம் இருக்கட்டும். வெள்ளை நகமென்றால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அரிசி அரிசியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள்; நடுவில் ஈரமாக ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதையும் மீறி ரத்தம் வந்தால் படிகாரத் தூளை வைத்து அழுத்திப் பிடியுங்கள். என் மேசை டிராயரில் இருக்கும் படிகாரக் கட்டி அப்பா சவரப் பெட்டியில் வைத்திருந்தது. ஓரத்தைச் சுரண்டித்தான் தூள் எடுக்கிறேன்.

இனி, இந்தத் தொழிலின் மிகக் கடினமான வேலைக்கு வருகிறேன். சடை விழுந்த நாய்.

2020 ஊரடங்கில் எங்கள் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. திறந்த முதல் வாரம் வந்த நாய்களை நான் மறக்கவே மாட்டேன். அதில் ஒரு ஷிட்சூ, பெயர் லட்டு, நாலு வயது. பார்க்கப் புசுபுசுவென்று அழகாக இருந்தது. மேலாக்கில் வீட்டில் தினமும் சீவியிருக்கிறார்கள். சீப்பு மேல்முடியோடு நின்றுவிட்டது. நான் காதுக்குப் பின்னால் விரலை விட்டேன், போகவில்லை. அக்குளில் விட்டேன், போகவில்லை. மேல்முடிக்கு அடியில் கம்பளி போல, தோலோடு ஒட்டி, உடம்பு முழுவதும் ஒரே சடை. உங்கள் தலைமுடியை ஒரு கொத்தாகப் பிடித்து இறுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். அந்தக் குட்டி ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் அப்படித்தான் தோலை இழுத்துக்கொண்டிருந்தது. குதிப்பதை விட்டுவிட்டது, சோபாவில் ஏறுவதில்லை என்று வீட்டம்மா சொன்னார். வயதாகிறது போல என்று நினைத்துக்கொண்டாராம். நாலு வயதில்.

சீவி எடுக்க முடியாதா என்று கேட்டார். முடியும், ஐந்து மணி நேரம் அதைக் கதறவிட்டால் முடியும். நான் அவர் கையைப் பிடித்து, அவர் விரலையே அந்தச் சடைக்குள் வைத்து, எங்கே தோல் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "மொட்டையே அடிச்சிருங்க" என்றார். இந்த ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள்: மெஷினைப் போடும் முன் வீட்டுக்காரரின் விரல் அங்கே போக வேண்டும். இல்லாவிட்டால் மொட்டையான பிள்ளையைக் கண்டதும் உங்கள் மேல்தான் கோபம் வரும்.

அதற்குப் பத்தாம் எண் பிளேடு. அது விட்டுவைக்கும் முடி ஒன்றரை மில்லிமீட்டர்தான்; ஆனாலும் சடைக்கும் தோலுக்கும் நடுவே பத்திரமாக நுழைவது அதுதான். கத்தரியை விட்டு நோண்டவே கூடாது. சடை தோலை மேலே இழுத்துக் கூடாரம் மாதிரி வைத்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். தோலை இடது கையால் நீவிப் பிடித்துக்கொண்டு, பிளேடைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, அவசரமில்லாமல் போனேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை என் முன்கையில் வைத்துச் சூடு பார்ப்பேன். சுட்டால் மாற்று பிளேடு. பழையது ஆறுகிற வரை நாயும் கொஞ்சம் மூச்சு விடட்டும். இரண்டே கால் மணி நேரம். முதுகும் வயிறும் சேர்ந்து ஒரே போர்வையாகக் கழன்று வந்தது. அடியில் சிவந்த தோல், வலது அக்குளில் நீர் கசியும் புண், காதுமடலில் ஏழு உண்ணி.

காதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நாள்கணக்கில் சடையில் இறுகிக் கிடந்த காதுமடல் விடுபட்டதும், நாய் சும்மா இருக்காமல் தலையை உதறிக்கொண்டே இருக்கும். உதறி உதறி மடலுக்குள் ரத்தம் கட்டி, பை மாதிரி வீங்கிவிடும். அதனால் காதுகளைத் தலையோடு சேர்த்து மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டிவிட்டேன். லட்டுவைக் கீழே இறக்கினேன். அது ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு சோம்பல் முறித்தது பாருங்கள்! கடையை மூன்று சுற்று ஓடி, வீட்டம்மாவின் மடியில் தாவி ஏறியது. அன்று அவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு சீப்பு வாங்கிக்கொண்டார். வேரிலிருந்து வரிவரியாக முடியைப் பிரித்துச் சீவ அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. நீங்களும் வாங்காதீர்கள்.

நான் பட்டுக் கற்ற இரண்டு பாடங்களைச் சொல்லியாக வேண்டும்.

சொந்தக் கடை போடும் முன் ஓரிடத்தில் வேலை பார்த்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து நாய் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. பத்து நாயை முடிக்கலாம், பத்து நாயைத் தொட்டுப் பார்க்க முடியாது. கூட வேலை பார்த்த பையன், மேசைக் கம்பியின் கழுத்துச் சுருக்கில் ஒரு ஸ்பிட்ஸைக் கட்டிவிட்டு, துண்டு எடுக்க நாலடி நகர்ந்தான். அது குதித்தது. தரை எட்டவில்லை. நான் பக்கத்து மேசையிலிருந்து பாய்ந்து தூக்கிப் பிடித்ததால் பிழைத்தது. அந்தப் பையனைத் திட்டினார்கள். பத்து நாய்க் கணக்கை யாரும் குறைக்கவில்லை. மறு மாதம் நான் நின்றுவிட்டேன். மேசையில் நாய் இருக்கும்போது உங்கள் ஒரு கை அதன் மேல் இருக்கட்டும். போன் அடித்தால் அடிக்கட்டும்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. கடை போட்ட இரண்டாம் வருடம், ஏப்ரல் கடைசி, பகல் பன்னிரண்டு மணி. ஒரு பக் நாய். மின்சாரம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அடுத்து இரண்டு பேர் காத்திருந்தார்கள். சீக்கிரம் காயட்டும் என்று டிரையரில் சூடான காற்றை வைத்தேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். பக்குக்கோ மூக்கே சப்பை, மூச்சுப்பாதையே குறுகல். அது இரைத்தது. எல்லா நாயும் டிரையரில் இரைக்கும் என்று விட்டுவிட்டேன். நாக்கு நீலம் பாரித்த பிறகுதான் என் கை நின்றது. வயிற்றிலும் பாதங்களிலும் தண்ணீர் விட்டு, மின்விசிறிக் காற்று காட்டி, ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினேன். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கு அப்போது 105க்கு மேல். ட்ரிப்ஸ் ஏற்றி, ராத்திரி ஒன்பது மணிக்கு வாலை ஆட்டியது. வீட்டுக்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை, அது நியாயம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை சப்பை மூக்கு நாய்களைக் காலை பத்து மணிக்குள் மட்டுமே எடுக்கிறேன். சூடான காற்றை எந்த நாய்க்கும் வைப்பதில்லை.

முடியாது என்று சொல்லப் பழகுங்கள். கத்தரி பிடிப்பதை விட எனக்கு அது வர நாளானது. கோடை வந்தால், "ஹஸ்கிக்கு மொட்டையடிச்சு விடுங்க, பாவம் வேகுது" என்று அன்போடுதான் கேட்பார்கள். ஹஸ்கி, கோல்டன், ஸ்பிட்ஸ் எல்லாம் இரட்டை முடிக்காரர்கள். உள்முடி பஞ்சு, வெளிமுடி கூரை. வழித்துவிட்டால் வெயில் நேராகத் தோலில் இறங்கும். முடி திரும்ப வரும்போது திட்டுத்திட்டாக, பழைய வாகில்லாமல் வரலாம். உதிர்ந்து உள்ளேயே அடைந்து கிடக்கும் பஞ்சை வாரியால் இழுத்து வெளியே எடுத்தாலே காற்றோட்டம் வந்துவிடும். அப்படி எடுத்த முடியைக் கூடையில் போட்டு வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் அப்படித்தான். எல்லோரும் பண்டிகைக்குப் பிள்ளை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வருவார்கள். ஆனால் தெருவில் வெடி தொடங்கியிருக்கும். ஒரு சரவெடிக்குத் துள்ளும் நாயின் கண்ணோரத்தில் கத்தரி வைக்க எந்தக் கைக்கும் துணிச்சல் வரக் கூடாது. நான் பத்து நாள் முன்னதாகவே முகவெட்டை நிறுத்திவிடுவேன்.

போனில் படம் காட்டி, இந்த மாதிரி வெட்டுங்கள் என்பார்கள். தப்பில்லை, நாய்க்கு ஒத்துவந்தால் செய்யலாம். பூடில் நாய்க்குச் சிங்கம் மாதிரி வெட்டுவார்களே, அதுவே அலங்காரமாகத் தொடங்கியதில்லை. தண்ணீரில் நீந்திப்போய்ப் பறவையைக் கவ்வி வரும் நாய் அது. நீந்த வாகாகப் பின்பக்கத்தை வழித்துவிட்டு, குளிர் தாக்காமலிருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் முடியை விட்டுவைத்தார்கள். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்குக் கத்தரியே தேவையில்லை. குட்டை முடி, இந்த வெயிலுக்கு வந்த உடம்பு. ரப்பர் பிரஷ், நகம், காது, அவ்வளவுதான். ஆனால் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயை யாராவது கூட்டிவந்தால், "இதுக்கெதுக்குங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். என் கடைக்கு வருகிறவற்றில் உண்ணி அதிகம் கடித்திருப்பவை அவைதான். உண்ணியைச் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கிய நாய் என்றால் குளியலே வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள்.

கடி கட்டாயம் வாங்குவீர்கள். உறுமலுக்கு ரொம்ப முன்னாலேயே நாய் சொல்லிவிடும்: உதட்டை நக்கும், தலையைத் திருப்பும், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும், உடம்பு விறைக்கும். அங்கேயே நிறுத்தினால் உறுமவே வேண்டியிருக்காது. வேலைக்குச் சேரும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் போடுவது மூன்று ஊசி, முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள். அதற்குப் பிறகும் கடிபட்டால், எவ்வளவு சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. தடுப்பூசி அட்டை காட்டாத நாயை நான் மேசையில் ஏற்றுவதில்லை, எத்தனை வருடப் பழக்கமானாலும்.

இத்தனையும் சொல்லி உங்களை மிரட்டிவிட்டேனோ தெரியவில்லை. நான் ஏன் இன்னும் இந்த மேசைக்கு முன்னால் நிற்கிறேன் என்பதையும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. பிரவுனி என்ற காக்கர் ஸ்பேனியல், எட்டு வயது, குட்டி போடாதது, கருத்தடை செய்யாதது. வழக்கமாகத் தொட்டியில் ஆட்டம் போடும். அன்று தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இரண்டு முறை நிரப்பினேன், இரண்டு முறையும் காலி. வாலுக்கடியில் முடியை ஒதுக்கினேன். பழுப்பாக ஒரு கசிவு. நாற்றம். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தேன்; வழக்கமாகத் தளர்ந்திருக்கும் வயிறு இறுகியிருந்தது, தொட்டதும் முதுகை வளைத்தது. அப்பத்தா பிரசவம் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார். எந்த நாற்றம் சரி, எந்த நாற்றம் சரியில்லை என்று. சின்னப் பிள்ளையாக அதைக் காதில் வாங்கியபடி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன். குளிப்பாட்டும் தண்ணீரை நிறுத்தினேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "கடைசியா எப்ப தீட்டுப்பட்டுதுங்க?" என்று கேட்டேன். ஒன்றரை மாதம் இருக்கும் என்றார். "குளிக்கவெல்லாம் வேண்டாமுங்க. இப்பவே டாக்டர்கிட்டப் போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றேன்.

கர்ப்பப்பையில் சீழ் கோத்திருந்தது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு, தீட்டு முடிந்து சில வாரங்களில் வருகிற வியாதி. விட்டால் உயிரைக் கொண்டுபோய்விடும். அன்றிரவே கர்ப்பப்பையை எடுத்தார்கள். நோயின் பெயரை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. என்ன பார்த்தீர்கள், என்ன மணந்தது, எங்கே கை வைத்தால் என்ன செய்தது, இவ்வளவுதான் நாம் சொல்ல வேண்டியது. மூன்று வாரம் கழித்துப் பிரவுனி கடைக்குள் வந்து, நேராகத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தாண்டி, என் காலில் வந்து படுத்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதுவும் பேசாமல் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காசைப் பற்றியும் கேட்பீர்கள். நான் முழு வேலைக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்குகிறேன், சடை என்றால் கூடுதலாக. ஒரு நாளைக்கு நாலு நாய், அதிகபட்சம் ஐந்து. வாடகை, மின்சாரம், பிளேடு சாணை பிடிக்கும் செலவு, இரண்டு பேர் சம்பளம் போகக் குடும்பம் நடக்கிறது. மகளைப் படிக்க வைக்கிறேன். முதல் இரண்டு வருடம் கையைக் கடித்தது. கடன் வாங்கி ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். நல்ல மேசை, நல்ல டிரையர், வழுக்காத தரை, இரண்டு பிளேடு செட்.

வயதான நாய்களைக் கூட்டிவருவார்கள். கண் மங்கி, இடுப்பு தளர்ந்து, மேசையில் நிற்க முடியாமல். அவற்றுக்கு நான் தரையில் பாய் விரித்து நானும் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாளில் முடியாது. காலை பாதி, இரண்டு நாள் கழித்து மீதி. பதினாலு வயது அல்சேஷன் ஒன்றைத் தனியாக வாழும் ஒரு பெரியவர் கூட்டிவந்தார். பாதங்களுக்கு அடியில் வளர்ந்த முடியை மட்டும் எடுத்துவிட்டேன், தரையில் வழுக்காமலிருக்க. அடுத்த வாரம் அவர் மட்டும் வந்தார். "கடைசி நாலு நாள் அது வழுக்காம நடந்துதுங்க" என்று சொல்லிவிட்டு, அதன் சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் சுவரில் தொங்குகிறது. அதை வேறு நாய்க்குப் பயன்படுத்துவதில்லை.

ஸ்கூட்டரில் வந்த அந்தப் பெண் இப்போது என்னிடம்தான் இருக்கிறாள். ஏழாவது வாரம். கத்தரி இன்னும் கொடுக்கவில்லை. போன வியாழக்கிழமை ஒரு லாப்ரடாரைக் காயவைத்துக்கொண்டிருந்தவள் டிரையரை அணைத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் இடது கை விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றிருந்தது, அசையவில்லை. "அக்கா, இங்க ஏதோ இருக்குது. போன தடவ இல்லீங்க." நான் போய்த் தொட்டேன். கொட்டைப்பாக்கு அளவு, தோலுக்கடியில் நகர்ந்தது. அவளையே அட்டையில் எழுதச் சொன்னேன்: தேதி, இடம், அளவு, வலியில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் அவளே அவர் விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள்.

கடைக்குச் செவ்வாய் விடுமுறை. மற்ற நாள்களில் காலை எட்டரைக்கு வாருங்கள், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, மோதிரம் வளையல் இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
கோயம்புத்தூர்